கையால் செய்யும் ரசிகர் பேட்ஜும் கார்டும்: விற்க ஆரம்பிக்கும் முன் சில சந்தேகங்கள்

வட்டக்கத்தரி:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் பதிவு, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு அனிமேஷன் தொடருக்குப் பைத்தியம். எந்தத் தொடர் என்று சொன்னால் பேச்சு அதைப் பற்றியே போய்விடும், அதனால் சொல்லப்போவதில்லை. போன மாதம் 58 மி.மீ. பேட்ஜ் மெஷின் ஒன்று வாங்கினேன், கூடவே 100 செட் சாமான்: தகர மூடி, பின் (சட்டையில் குத்துகிற ஊசி) வைத்த அடித்தகடு, படத்துக்கு மேல் போடுகிற மைலார் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் படலம். முதல் 40 அடித்ததில் 17 குப்பைக்குப் போய்விட்டது. சிலவற்றில் முகத்துக்குக் குறுக்கே சுருக்கம். சிலவற்றில் மைலார் ஓரத்தில் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. நான்கில் எல்லாம் அழகாக இருக்கிறது, ஆனால் பின் குறுக்கே இருப்பதற்குப் பதில் செங்குத்தாக நிற்கிறது, சட்டையில் மாட்டினால் ஆள் படுத்துக்கொள்கிறார். ஒரு தடவை இரண்டு மூடி ஒட்டிக்கொண்டு உள்ளே போய் மெஷினே இறுகி, ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பி எடுக்கவேண்டியதாகிவிட்டது.

இரண்டாவது சந்தேகம்தான் பெரியது. பார்த்தவர்கள் எல்லாம் எனக்கும் வேண்டும், காசு கொடுக்கிறேன் என்கிறார்கள். ஆன்லைனில் சின்னதாகக் கடை போடலாமா, கூடவே கார்டும் செய்யலாமா என்று ஆசை. ஆனால் இதுவரை அச்சிட்டதெல்லாம் இணையத்தில் கிடைத்த படங்கள். எனக்கு மட்டும்தானே என்று எடுத்தேன். விற்கும்போது அது சரியாக வருமா?

தகரடப்பா:

40-க்கு 17 ஒன்றும் மோசமில்லை. என் முதல் நாள் கணக்கை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சுருக்கத்துக்கு முதல் சந்தேகம் தாள்மேல்தான் வரவேண்டும். ஃபோட்டோ பேப்பரில் அச்சிட்டீர்களா? அது இந்த வேலைக்குத் தடிமன் அதிகம், ஓரத்தில் மடியாமல் முரண்டு பிடிக்கும், அந்த முரண்டுதான் சுருக்கமாகவும் சரியாக மூடாத விளிம்பாகவும் வெளியே தெரிகிறது. 90-இலிருந்து 120 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வரை உள்ள வழவழப்பான சாதாரணத் தாள் போதும். பளபளப்பை மைலார் கொடுத்துவிடும், தாள் கொடுக்க வேண்டியதில்லை. இங்க்ஜெட் என்றால் அச்சடித்த கையோடு அடிக்காதீர்கள், ஒரு ராத்திரி காயட்டும். ஈரத்தோடு மூடினால் மை மைலாரில் ஒட்டிப் புகை படிந்த மாதிரி இருக்கும், அப்புறம் அதைத் துடைக்க வழியே கிடையாது.

அடுத்தது அளவு. 58 என்பது முடிந்த பேட்ஜின் அளவு, தாளின் அளவு இல்லை. நிறைய மெஷின்களுக்கு 70 மி.மீ. வட்டம் வெட்டவேண்டும், உங்களுடையதற்கு எவ்வளவு என்று கூட வந்த தாளில் இருக்கும். மிச்சம் பக்கவாட்டில் வளைந்து உள்ளே போய்விடுகிறது. அதனால் பின்னணி நிறம் 70 வரை ஓடவேண்டும், கண், எழுத்து மாதிரி முக்கியமானதெல்லாம் 50-க்குள் நிற்கவேண்டும். கத்தரிக்கோலால் வெட்டுகிறீர்கள் என்று பெயரைப் பார்த்தாலே தெரிகிறது. சர்க்கிள் கட்டர் வாங்கிவிடுங்கள். ஒரு மி.மீ. கோணலானாலும் ஒரு பக்கம் தாள் போதாமல் தகரம் எட்டிப்பார்க்கும்.

பின் செங்குத்தாக நிற்பதற்குக் காரணம் நீங்கள்தான், மெஷின் இல்லை. முதல் அழுத்தில் மூடி, தாள், மைலார் மூன்றும் மேல் டைக்குள், அதாவது அழுத்துகிற அச்சுக்குள் ஏறிக்கொள்கின்றன, இரண்டாவது அழுத்தில் அடித்தகடு வந்து சேர்கிறது. முதல் டையில் படத்தின் தலை எந்தப் பக்கம், இரண்டாவதில் பின் எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். பழைய தாளில் ஒரு அம்புக்குறி வரைந்து நாலைந்து அடித்துப் பாருங்கள், சரியாக வந்த கோணத்தை இரண்டு டையிலும் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். சும்மா சொன்னேன், விரல் ஜாக்கிரதை.

மைலார் பிதுங்கினால் பெரும்பாலும் இரண்டு ஒட்டிக்கொண்டு போயிருக்கும். சீட்டுக்கட்டை விசிறுவதுபோல விசிறிவிட்டு ஒவ்வொன்றாக எடுங்கள்.

நடுநிசி:

மெஷின் விஷயம் அவர் சொன்னால் சரியாக இருக்கும். சட்டத்துக்கெல்லாம் ரொம்பப் பயப்படாதீர்கள். எல்லாரும் செய்கிறார்கள். 'ரசிகர் தயாரிப்பு, அதிகாரபூர்வமானது அல்ல' என்று ஒரு வரி போட்டுவிட்டு விற்க வேண்டியதுதான். 40 பேட்ஜ் விற்பவரைத் தேடிக்கொண்டு எந்தக் கம்பெனி வரப்போகிறது?

அரைவக்கீல்:

அந்த ஒரு வரியை நம்பி எத்தனை பேர் கடை போட்டிருக்கிறார்கள்! அது அதிகாரபூர்வமானது இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுப்பது, அனுமதி வாங்கவில்லை என்று ஒப்புக்கொள்வது மாதிரிதான். வாங்குபவர் ஏமாறாமல் இருக்க உதவும், போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது உரிமம் ஆகாது. 'கொஞ்சம்தான் விற்றேன்', 'லாபமே இல்லை' என்பதும் ஆகாது.

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது, பிரித்துப் பாருங்கள். கதாபாத்திரம், படம், வசனம், பாட்டு வரி இதெல்லாம் பதிப்புரிமை. பதிவு செய்திருந்தால்தான் உரிமை என்று பலர் நினைக்கிறார்கள், பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளில் படைத்த உடனேயே உரிமை வந்துவிடும். தொடரின் பெயர், லோகோ இதெல்லாம் வணிகச்சின்னம். நீங்களே உங்கள் கையால் வரைந்த படமாக இருந்தாலும், அதில் இருப்பது அவர்களுடைய கதாபாத்திரம் என்றால் அது வழிப்படைப்பு, அதாவது இன்னொருவர் படைப்பிலிருந்து பிறந்த படைப்பு, அதை விற்க அனுமதி கொடுக்கவேண்டியவர் அந்த உரிமையாளர்தான். நிஜ நடிகர், பாடகர் முகம் என்றால் இன்னொரு தலைவலி: புகைப்படம் எடுத்தவருக்குப் பதிப்புரிமை இருக்கும், பல இடங்களில் அந்த ஆளுக்கே தன் முகத்தின் வணிகப் பயன்பாட்டில் உரிமை உண்டு.

தாராளமாக விளையாடக்கூடிய இடமும் இருக்கிறது. பதிப்புரிமைக்கு ஆயுள் உண்டு. பெர்ன் கணக்கில் எழுதியவர் இறந்து குறைந்தது 50 வருஷம், நிறைய நாடுகளில் 70. ஷெர்லாக் ஹோம்ஸ் நல்ல உதாரணம். அவரை எழுதிய கோனன் டாயில் இறந்தது 1930-இல், கடைசிக் கதைகள் வெளியானது 1927-இல், அமெரிக்காவில் அந்தக் கடைசிக் கதைகளும் 2023 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை, அதாவது யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று ஆகிவிட்டன. அதற்காக அண்மையில் வந்த படத்தில் நடித்தவர் முகத்தை ஹோம்ஸ் என்று போட முடியாது. புத்தகத்தில் இருக்கும் ஹோம்ஸ்தான் பொது, அந்த நடிகர் இல்லை. 1928-இன் மிக்கி எலியும் இதே கதைதான். அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல் அந்தக் கறுப்பு வெள்ளை எலி பொதுவுடைமை, பிறகு வந்த வடிவங்கள் அப்படி இல்லை, வணிகச்சின்ன உரிமையும் தொடர்கிறது.

சில விளையாட்டு நிறுவனங்கள் ரசிகர்கள் சிறு எண்ணிக்கையில் பொருள் செய்து விற்கலாம் என்று எழுத்திலேயே விதிமுறை போட்டிருக்கின்றன, எத்தனை, எங்கே, லோகோ கூடாது என்றெல்லாம் நிபந்தனையோடு. உங்கள் தொடருக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அரைமணி நேர வேலை. பேருக்கு ஏற்றபடி நான் அரை வக்கீல்தான், முழு ஆலோசனைக்கு முழு வக்கீலைப் பாருங்கள்.

மைப்புள்ளி:

எல்லாரும் கம்பெனியைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் எழுதியதில் எனக்கு உறுத்தியது வேறு. 'இணையத்தில் கிடைத்த படங்கள்.' படம் கிடைக்காது தங்கையே, யாராவது வரைந்து போட்டிருப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் 'உங்கள் பேட்ஜ் வாங்கினேன், அருமை' என்று புகைப்படம் அனுப்பினார். நான் அதுவரை பேட்ஜே செய்ததில்லை. படம் என்னுடையது, மூலையில் போட்டிருந்த என் கையெழுத்து மட்டும் இல்லை. வட்டமாக வெட்டும்போது மூலை தானாகவே போய்விடும் இல்லையா, அவ்வளவு வசதி. சின்ன அளவில் பதிவேற்றியிருந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கியதில் கண்ணெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அதுதான் கூடுதல் எரிச்சல், திருடியதுதான் திருடினார், ஒழுங்காகவாவது அச்சிட்டிருக்கலாம். விற்றவரிடம் கேட்டேன். 'உங்களுக்கு இலவச விளம்பரம்தானே' என்றார். என் பெயரே இல்லாத விளம்பரம்.

நடுநிசி:

கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள் மைப்புள்ளி. நீங்கள் வரைந்ததும் இன்னொருவருடைய கதாபாத்திரம்தானே? அவர்களிடம் நீங்கள் கேட்டீர்களா?

மைப்புள்ளி:

கேட்கவில்லை. நீங்கள் இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன். என் படத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து வரைந்ததும் அவர் வலது க்ளிக் செய்து சேமித்ததும் ஒன்று என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கம்பெனி நாளைக்கு என்னிடம் நிறுத்து என்றால் நிறுத்துவேன். அந்த மனிதர் நிறுத்தவில்லை, படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுத் தொடர்ந்து விற்றார்.

வட்டக்கத்தரி:

அக்கா, வெட்கமாக இருக்கிறது. யார் வரைந்தது என்று நான் பார்க்கவே இல்லை. அடித்ததை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன், ஒன்றுகூட வெளியே போகாது. எனக்குச் சுமாராகத்தான் வரைய வரும், முகம் வரவே வராது.

பொத்தான்பித்தன்:

முகம் வராவிட்டால் ரொம்ப நல்லது. நான் செய்கிறவன் இல்லை, வாங்கிச் சேர்க்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

கொஞ்சம் பழைய கதை. 1860-இல் லிங்கன் தேர்தலில் நின்றபோதே அவர் முகத்தைச் சின்ன இரும்புத்தகட்டுப் புகைப்படமாக்கிச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். நாம் அடிக்கிற இதே அமைப்பு, அதாவது தகரம், மேலே தாள், அதற்குமேல் ஒளிபுகும் படலம், உள்ளே வளையக் கம்பிப் பின், அமெரிக்காவின் நியூவார்க் நகரத்து வைட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் 1896-இல் காப்புரிமை வாங்கியது. அப்போது மைலார் ஏது, செல்லுலாய்டுதான். அந்த வருஷம் மெக்கின்லியும் பிரையனும் மோதிய அமெரிக்க அதிபர் தேர்தலில் இது கொட்டிக் கிடந்தது. அன்றைக்கும் இது ரசிகர் பேட்ஜ்தான், ரசிகர்கள் வேறு மாதிரி ஆட்கள் என்பதுதான் வித்தியாசம்.

இப்போது ஜப்பானில் 'கான் பேட்ஜ்' என்று சொல்லி ஒரே கதாபாத்திரத்தின் பேட்ஜை இருபது முப்பது என்று வாங்கிப் பை முழுக்க அடுக்குகிறார்கள், அந்தப் பைக்கு 'இத்தா பேக்' என்று பெயர், 'இத்தாய்' என்றால் வலிக்கிறது என்று அர்த்தம். பார்க்கிறவர் கண்ணும் வலிக்கும், வாங்கியவர் பர்ஸும் வலிக்கும். இப்படி அடுக்குகிறவர்களுக்கு முக்கியம் நிறம். போன மாதம் அடித்ததும் இந்த மாதம் அடித்ததும் ஒரே சிவப்பாக இல்லாவிட்டால் வரிசையில் பல்லை இளிக்கும்.

என்னிடம் இருப்பதில் நான் அதிகம் போட்டுக்கொள்கிற பேட்ஜில் முகமே கிடையாது. ஒரு விளையாட்டில் மூன்றாவது கட்டத்தில் மட்டும் வருகிற ஒரு துருப்பிடித்த சாவி. பத்தில் ஒன்பது பேர் 'என்ன சாவி?' என்பார்கள். பத்தாவது ஆள் பஸ் கூட்டத்தில் நாலு பேரைத் தள்ளிக்கொண்டு வந்து கையைப் பிடிப்பார். அந்தப் பத்தாவது ஆளுக்குத்தான் நான் பேட்ஜ் போடுகிறேன். முகம் போட்ட பேட்ஜைக் கம்பெனியே நம்மைவிட நன்றாக அச்சிட்டு விற்கிறது, சாவியை விற்காது.

அரைவக்கீல்:

சாவியும் அப்படியே பார்த்து வரைந்தால் வழிப்படைப்பு ஆகலாம், அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நடைமுறையில் பொதுவான பொருள், உங்கள் சொந்தக் கோடு, தலைப்பில் தொடர் பெயர் இல்லை என்று இருப்பது, போஸ்டரை வெட்டி ஒட்டுவதிலிருந்து ரொம்பத் தூரம்.

ஓரமடிப்பு:

கார்டைப் பற்றிக் கேட்டிருந்தாரே, எல்லாரும் மறந்துவிட்டீர்கள்.

மடிக்கிற வாழ்த்து அட்டை என்றால் ஏ5 தாளை மடித்தால் ஏ6, அதாவது 105-க்கு 148 மி.மீ. அதற்கு சி6 உறை, 114-க்கு 162, சரியாக உட்காரும். உறை கிடைக்கிற அளவில் கார்டு செய்யுங்கள், கார்டு செய்துவிட்டு உறை தேடாதீர்கள், நான் தேடியிருக்கிறேன். 250-இலிருந்து 300 ஜி.எஸ்.எம். அட்டை நன்றாக நிற்கும், ஆனால் மடிப்பில் வெடிக்கும். அதற்குக் காரணம் நார் ஓடுகிற திசை. அட்டையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கம் மடிப்பு வரவேண்டும். அதோடு, மடிக்கும் முன் மழுங்கிய முனையால் ஒரு பள்ளக்கோடு இழுங்கள். தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவும் ஸ்கேலும் போதும். லேசர் பிரிண்ட் என்றால் மடிப்பில் அடர்த்தியான நிறம் வேண்டாம், டோனர் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும்.

சேகரிக்கிற கார்டு என்றால் அளவை நீங்களாகக் கண்டுபிடிக்காதீர்கள். வாங்குகிறவரிடம் ஏற்கெனவே உறையும் ஆல்பமும் இருக்கும். விளையாட்டுக் கார்டு 63-க்கு 88, ஃபோட்டோ கார்டு ஏறக்குறைய வங்கி அட்டை அளவு. கையால் வரைந்து மாற்றிக்கொள்கிற குட்டிக் கார்டு ஒன்று உண்டு, 1997-இல் சூரிக்கில் ஒரு ஓவியர் ஆரம்பித்து வைத்தது. அதற்கு ஒரே விதி, விற்கக்கூடாது, பண்டமாற்று மட்டும். அதே அளவில் விற்கிறதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள், விதியை மீறாமல் மீறுவது எல்லா ஊரிலும் உண்டு போல.

அப்புறம் நிறம். திரையில் பளிச்சென்று எரிகிற பச்சையும் ஊதாவும் அச்சில் வராது. திரை ஒளியால் காட்டுகிறது, மை தாளில் அப்படிக் காட்ட முடியாது. வரையும்போதே சி.எம்.ஒய்.கே. (அச்சின் நான்கு மை நிறங்கள்) முன்னோட்டத்தில் பாருங்கள், 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) வையுங்கள், ஒரு பக்கம் சோதனை அச்சு எடுத்துப் பார்க்காமல் 50 பக்கம் எடுக்காதீர்கள்.

வட்டக்கத்தரி:

இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். விலை எப்படி வைப்பது? சாமான் விலையை மட்டும் பார்த்தால் ரொம்பக் கம்மியாக வருகிறது.

தகரடப்பா:

அந்தக் கம்மியில்தான் எல்லாரும் விழுகிறோம். கையில் வாட்சை வைத்துக்கொண்டு ஒரு தடவை கணக்குப் பாருங்கள். வெட்டுவது, அடிப்பது, புரட்டிப் பார்ப்பது, பின்னட்டையில் குத்துவது எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்றுக்கு மூன்று நிமிஷம், அப்படியானால் மணிக்கு 20. அதோடு முடிந்ததா? புகைப்படம் எடுப்பது, பதிவேற்றுவது, 'இது எப்போது வரும்' என்கிறவருக்குப் பதில் சொல்வது, தபாலுக்கு நடப்பது. அடிக்கிற நேரத்தைவிட இதுதான் அதிகம். கெடுகிறதையும் சேருங்கள். இத்தனை வருஷம் கழித்தும் 100 அடித்தால் 92, 93-தான் விற்கிற தரத்தில் வருகிறது, அந்த ஏழெட்டின் விலையை மற்றவைதான் சுமக்கவேண்டும். தளம் பிடிக்கிற கட்டணம், உறை, அட்டை எல்லாம் போட்டு, உங்கள் ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் என்ன கேட்பீர்களோ அதையும் போட்டுப் பாருங்கள். நண்பர்களுக்குக் குறைத்துக் கொடுங்கள், ஆனால் முதலில் நிஜ விலை எது என்று தெரிந்துகொண்டு குறையுங்கள்.

புகைப்படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், மைலாரில் உங்கள் முகம்தான் தெரியும். ஜன்னல் பக்கவாட்டு வெளிச்சம், தலைக்கு மேலிருந்து கொஞ்சம் சாய்த்து.

ஈரக்காகிதம்:

கடை போடுகிறேன் என்றதால் என் கதையைச் சொல்கிறேன். என் படங்கள் எல்லாம் நானே வரைந்த பூ, நட்சத்திரம், கிண்டல் வரிகள். ஆனால் தேடுகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று குறிச்சொல்லில் ஒரு பிரபலத் தொடரின் பெயரைப் போட்டேன். ஒரு நாள் காலையில் ஆறு பொருள் காணோம், வணிகச்சின்னப் புகார் என்று மின்னஞ்சல். மூன்றாவது தடவை கடையையே மூடிவிட்டார்கள். படத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் பெயர்தான். இத்தனைக்கும் பாதி பேட்ஜுக்கு அந்தத் தொடரோடு சம்பந்தமே கிடையாது, ஆசை. நான்கு வருஷ விமர்சனங்கள், நட்சத்திரங்கள் எல்லாம் அதோடு போயின.

நடுநிசி:

சரி, 40 பேட்ஜைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்றேன். ஆள் வரவேண்டியதில்லை, தேடுபொறி போதும் போலிருக்கிறது. அந்த வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தகரடப்பா:

தபாலில் அனுப்பும்போது இரண்டு விஷயம். பின்னை மூடி, கெட்டி அட்டையில் குத்தி அனுப்புங்கள், இல்லாவிட்டால் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கார்டும் பேட்ஜும் ஒரே உறையில் என்றால் நடுவில் ஒரு அட்டை, இல்லையென்றால் கார்டில் வட்டமாக ஒரு தழும்பு விழும். ஈரப்பதத்தில் விளிம்பு துருப்பிடிக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு டப்பாவில் வையுங்கள். காந்தம் வைத்த பேட்ஜ் செய்தால் சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம் என்று எழுதிப் போடுங்கள். இரண்டு காந்தத்தை விழுங்கினால் வயிற்றுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலைக் கிழித்துவிடும், விளையாட்டில்லை.

வட்டக்கத்தரி:

மூன்று வாரம் கழித்து வந்திருக்கிறேன். தொடர் தயாரித்தவர்களின் பக்கத்தில் தேடினேன், ரசிகர் பொருள்களுக்கு விதிமுறை இருக்கிறது: சிறு எண்ணிக்கை, நேரில் விற்கலாம், லோகோவும் தொடரின் காட்சிகளும் கூடாது. அதனால் ஆன்லைன் கடையைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு ரசிகர் சந்திப்பில் மேஜை போட்டேன்.

முகம் வரவில்லை என்றேன் அல்லவா, ஒரு காலுறை வரைந்தேன். எங்கள் ஆள் இரண்டு காலிலும் வேறு வேறு காலுறை போடுவார், இடது காலில் மட்டும் மஞ்சள் கோடு போட்டது. அந்த ஒற்றைக் கால் மட்டும், வேறு எதுவும் இல்லை. 100 ஜி.எஸ்.எம். தாள், ஒரு ராத்திரி காயவைத்தது, சர்க்கிள் கட்டர், டையில் மார்க்கர் கோடு. 33 அடித்து 30 தேறியது! பின் எல்லாம் குறுக்கே.

முதல் ஒரு மணி நேரம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, 'சாக்ஸ் விற்கிறீர்களா' என்று ஒருவர் கேட்டார். அப்புறம் ஒரு பெண் மேஜையைத் தாண்டிப் போய், நின்று, பின்னாலேயே நடந்து வந்து, ஒன்றும் பேசாமல் ஐந்து எடுத்தார். சாயங்காலத்துக்குள் 19 போய்விட்டது. கார்டு மூன்றுதான் போனது, மடிப்பு வெடித்தது, ஓரமடிப்பு சொன்னதைப் பாதிதான் கேட்டேன்.

பொத்தான்பித்தன்:

படத்தைப் போடுங்கள், எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள்.

வட்டக்கத்தரி:

இதோ, கீழே இணைத்திருக்கிறேன்.

பொத்தான்பித்தன்:

இப்போதுதான் எந்தத் தொடர் என்று புரிந்தது, நானும் அந்தப் பைத்தியம்தான்! ஆனால் ஒரு நிமிஷம். கட்டைவிரல் இருக்கிற பக்கத்தைப் பாருங்கள். இது வலது கால்.

வட்டக்கத்தரி:

ஐயோ. 30-உம்.

பொத்தான்பித்தன்:

அந்தப் பெண் ஐந்து வாங்கினாரே, சொல்லவில்லையா?

வட்டக்கத்தரி:

போகும்போது சிரித்தார். பிடித்துப்போய்ச் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

பொத்தான்பித்தன்:

மீதி 11-ஐத் திருத்தாதீர்கள். எனக்கு வலது காலே வேண்டும்.